காலுக்குத் தெரிந்தால் போதும்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஐம்பத்திரண்டு வயதில், தராசக்கா தன் வீட்டுக் கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தாள். சும்மா தவழவில்லை. இரண்டடி தவழ்வாள், நிற்பாள், தலையைத் தாழ்த்தி ஒரு காதைக் கொடுத்துக் கேட்பாள், சாக்பீஸால் தரையில் ஒரு எண் எழுதுவாள், மறுபடி இரண்டடி. கூடத்தின் நடுவில், அவள் கணவர் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியில், விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது சப்வூஃபர். முழங்கால் உயரத்துக் கறுப்புப் பெட்டி. வீட்டில் அதற்குப் பேஸ் பெட்டி என்று பெயர். அதிலிருந்து ஒரே ஒரு கனத்த சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பல் தேய்த்தபடியே வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா தொலைச்ச?"

"ஒண்ணும் தொலைக்கல. தேடுறேன்."

"தொலைக்காம எதுக்குத் தேடுற?"

"நல்ல சத்தம் எங்க இருக்குன்னு தேடுறேன். வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து அந்த வால்யூம ஒரு புள்ளி ஏத்து. அப்பா நடந்துட்டு வர்றதுக்குள்ள முடிக்கணும்."

விஷயம் இதுதான். கனத்த சத்தம் நேர்மையான சத்தம் இல்லை. சுவரில் முட்டித் திரும்பி வந்து ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். இரண்டடி தள்ளிப் போனால் ஆளே இருக்காது. பெட்டியை எங்கே வைத்தால் நாற்காலிக்காரருக்கு ஒழுங்காகக் கேட்கும் என்று தெரிய வேண்டுமானால், பெட்டியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலிக்காரர் பெட்டியாக மாறிச் சுவரோரமாகத் தவழ வேண்டும். எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டி. போனில் பார்த்த வீடியோவில் யாரோ ஒரு மனிதர் இதை விளக்கியபோது வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். தராசக்காவுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. தராசில் இடது தட்டில் இருப்பதை வலதிலும், வலதில் இருப்பதை இடதிலும் மாற்றிப் போட்டால் முள் அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தராசு பொய் சொல்கிறது. இருபத்தாறு வருடமாக அவள் செய்துவரும் வேலையே அதுதான்.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் கடைத்தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தராசு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. மளிகைக் கடை, நகைக் கடை, பழைய இரும்புக் கடை என்று எல்லா வாசலிலும் தோளில் எடைக்கல் பெட்டியோடு போய் நிற்பாள். 'தராசக்கா வந்துட்டாங்க' என்று ஒரு குரல் உள்ளே போகும். தராசின் அடியில் தீப்பெட்டி அட்டை சொருகி வைத்திருப்பவன் அதை அவசரமாக உருவுவான். கண்ணை நம்பாதே, கையை நம்பாதே, கல்லை நம்பு என்பது அவள் வேதம். வீட்டில் உப்புப் போடுவதற்கும் அந்த வேதத்தைக் கடைப்பிடித்து, மகளிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள்.

நாற்காலிக்காரர் முப்பது வருடம் பிரஸ்ஸில் இருந்தவர். பத்திரிகை பிரஸ் இல்லை, தகடு அடிக்கிற பிரஸ். மேலிருந்து அச்சு இறங்கும், கீழே தகடு கிண்ணமாகவோ மூடியாகவோ மாறும். ஒரு நாளைக்கு நாலாயிரம் அடி. அத்தனை அடியும் காதில்தான் விழுந்தது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன போயிற்று என்று தெரிந்தது. சத்தம் போகவில்லை, அதுதான் கொடுமை. லாரி போவது கேட்கும், கதவு சாத்துவது கேட்கும். பேச்சின் ஓரங்கள் மட்டும் தேய்ந்துபோய், ஒவ்வொரு சொல்லும் மொத்தையாக வந்து விழும். காது டாக்டர் கொடுத்த மிஷினை ஒரு வாரம் மாட்டிப் பார்த்தார். 'சமையலறையில நீ பாத்திரம் கழுவுறது என் மண்டைக்குள்ள கழுவுற மாதிரி இருக்கு' என்று கழற்றி அலமாரி இழுப்பறையில் வைத்தவர்தான்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அவர் சிரிப்பு. படம் பார்க்கும்போது நகைச்சுவை வந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள்; அவர் திரையைப் பார்க்க மாட்டார், அவர்கள் முகத்தைப் பார்ப்பார்; பார்த்துவிட்டு, ஒரு மூச்சு தாமதமாக, தானும் சிரிப்பார். முதலில் 'என்ன சொன்னான்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டால் மகள் குரலில் சலிப்பு ஏறும். பிறகு கேட்பதை விட்டார். பிறகு கூடத்துக்கு வருவதையே விட்டார். படம் போட்டால் பால்கனியில் போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். ஒரே செய்தித்தாள், மூன்று மணி நேரம். எந்தச் செய்தியும் அத்தனை நீளம் கிடையாது என்று தராசக்காவுக்குத் தெரியும்.

அதனால்தான் இந்த ஹோம் தியேட்டர். 'பேச்சுக்குன்னே நடுவுல தனி ஸ்பீக்கர் இருக்கும்மா' என்று கடைக்காரன் சொன்ன ஒரு வார்த்தைக்காக வாங்கினாள். மாட்டிக் கொடுக்க வந்தவன் அவள் கொழுந்தன். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். மேடைக்கும் ஊர்வலத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். ஊரே அவனை டமாரம் என்றுதான் கூப்பிடும், அவனும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டவன். வந்தான், அரை மணி நேரத்தில் ஒயரெல்லாம் சொருகினான், பேச்சு ஸ்பீக்கரை டீவி அலமாரியின் அடித்தட்டில் உள்ளே தள்ளினான், பேஸ் பெட்டியை மூலையில் வைத்துத் திருகை முழுசாகத் திருகிவிட்டான். 'தரை அதிரணும் அண்ணி. அதிரலைன்னா அது ஸ்பீக்கரே இல்ல' என்றான். படம் போட்டார்கள். தரை அதிர்ந்தது. மகள்தான் கேட்டாள்.

"சித்தப்பா, பேசுறது ஒண்ணுமே கேக்கலையே."

"பேச்சு கிடக்குது. செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்லுவாங்கல்ல? நம்ம பெட்டி ஊதினா செவிடனுக்கும் கேக்கும்டா" என்று சொல்லிவிட்டு டமாரம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

மகள் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். அவன் கெட்டவன் இல்லை. நாக்கு அவனுக்கு முன்னால் ஓடுகிற ஜாதி, அவ்வளவுதான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அதற்குள் அவள் கணவர், தம்பியின் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, ஒரு மூச்சு தாமதமாக, தானும் சிரித்தார். நல்ல பெரிய சிரிப்பு. தம்பி ஏதோ நல்ல ஜோக் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துவிட்டார்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாளே பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்து, பட்டறை மேஜையில் மதியச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு தடவை சிரிக்க வேண்டும். அது போதும். அதற்காகத் தவழ்வது என்ன, உருளவும் தயார்.

ஏழாம் எண் ஜெயித்தது. ஜன்னலுக்குக் கீழே, தையல் மெஷினுக்குப் பக்கத்தில். அங்கே சத்தம் குவியவும் இல்லை, காணாமல் போகவும் இல்லை. தாயும் மகளும் பெட்டியை நாற்காலியிலிருந்து இறக்கி ஏழின் மேல் வைத்தார்கள். அடுத்தது அளவு. போனில் சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை இறக்கியிருந்தாள். எண் ஓடுவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை மகள் இன்றுவரை நடித்துக் காட்டுகிறாள். எல்லா ஸ்பீக்கரும் எழுபத்தைந்து காட்ட வேண்டும் என்பது கையேட்டின் கணக்கு. இடது, வலது, நடு, மூன்றும் எழுபத்தைந்து. டமாரம் முழுசாகத் திருகியிருந்ததைக் குறைத்து வைத்திருந்த பேஸ் பெட்டி மட்டும் ஐம்பத்தெட்டிலேயே முரண்டு பிடித்தது. திருகினாள், அறுபத்து மூன்று. இன்னும் திருகினாள், எழுபது. திருகு முக்கால்வாசி போன பிறகு ஒரு வழியாக எழுபத்தைந்து. 'உன் சித்தப்பா கைக்கணக்குல வச்சான். இது கல்லுக்கணக்கு' என்று இடுப்பில் கை வைத்து நின்றாள்.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் நாற்காலியில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டாள். முதல் காட்சியிலேயே ஒரு கதவு சாத்தியது. ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"இடி இடிக்குது பாரு, கொடில துணி கிடக்கா?" என்று எழுந்து பால்கனிக்குப் போனார். துணியை எடுத்துக்கொண்டு வந்தவர், திரும்ப நாற்காலிக்கு வரவில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் கீழ்வீட்டு டீச்சரம்மா படியேறி வந்தாள். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் அவமானம். "ஒண்ணும் இல்லைம்மா, எங்க அலமாரியில டம்ளரெல்லாம் நடக்க ஆரம்பிச்சிடுச்சு. அதான் மேல என்னன்னு பார்க்க வந்தேன்" என்றாள். தராசக்கா பெட்டியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கல்லுக்கணக்கு பொய்த்துப் போவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை ஒரு மளிகைக் கடை. அவள் பெட்டியைத் திறந்து, ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று கற்களைத் துணியால் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைக்காரர் வருடா வருடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வருடா வருடம் தானே முதல் தடவை கேட்பது போலத்தான் கேட்பார்.

"ஏன் தராசக்கா, எங்க தராசை உங்க கல்லு சோதிக்குது. உங்க கல்லை யாரு சோதிக்கிறது?"

வருடா வருடம் சொல்லும் பதில் அவளிடமும் உண்டு. எங்க கல்லையும் வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய்ச் சோதிச்சு முத்திரை வாங்கிட்டுத்தான் வர்றோம், அளக்கிறதை அளக்காம ஒண்ணையும் அளக்கக் கூடாது. வாயைத் திறந்தாள். பாதியில் நிறுத்தினாள். கையில் இரண்டு கிலோ கல் அப்படியே நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கடைக்காரர், தான் இத்தனை வருடமாகச் சொன்ன ஜோக் இன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது என்று பூரித்துப்போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எடைக்கல் பெட்டியை வைத்த கையோடு போனைச் சோதித்தாள். பேஸ் பெட்டியின் மேல் ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்தாள். மிகக் கனத்த சத்தம் ஒன்றைப் போட்டாள். தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது, உள்ளங்காலில் அதிர்வு ஏறியது. போனில் எண், வெறும் மின்விசிறிச் சத்தத்துக்குக் காட்டிய இடத்திலேயே இருந்தது. பிறகு நடு ஸ்பீக்கரில் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் போட்டாள். எண் ஒரே தாவலாக எழுபதைத் தாண்டியது. மறுபடி கனத்தது, மறுபடி விசில். மூன்று தடவை. சந்தேகமே இல்லை. ஆள் பேசுவதைக் கேட்பதற்காகச் செய்த போன் அது, அதற்குக் கனத்த சத்தம் காதிலேயே ஏறவில்லை. அது காதில் விழவில்லை என்பதற்காக இவள் திருகிக்கொண்டே போயிருக்கிறாள்.

"இருபத்தாறு வருஷம் ஊர்த் தராசையெல்லாம் சோதிச்சவ, கையில இருந்த கல்லைச் சோதிக்காம விட்டுட்டேன்" என்றாள் மகளிடம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டோம் என்கிற பெருமை வெட்கத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

"போனும் அப்பா மாதிரிதான்போல. அப்பாவுக்கு மெல்லிசு கேக்காது, இதுக்குக் கனம் கேக்காது" என்றாள் மகள். "அப்ப எதை வச்சும்மா அளக்கிறது?"

தராசக்கா பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். தராசை அது நிற்கிற இடத்தில், அது தூக்கப் போகிற பாரத்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரே ஒரு கல்தான் உண்டு. அது பால்கனியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவரிடம் எப்படிக் கேட்பது என்று ஐந்து நாள் யோசித்தாள். காது கேட்காதவரிடம் போய்க் காதைக் கேட்பது லேசான காரியமா? கடைசியில் நேராகவே கேட்டுவிட்டாள். எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்தி.

"என்னங்க, எனக்கு உங்க காது வேணும்."

"இருக்கிறதே பாதி. அதையும் நீ கேக்குறியா?"

"அந்தக் காதைக் கேக்கல. ஷிஃப்டுல நின்ன காதைக் கேக்குறேன். அச்சு நூலிழை விலகினா மெஷினைத் திறக்காமலேயே சொல்லுவீங்கன்னு உங்க கூட்டாளிங்க சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப்போச்சு. எனக்கு ஒரு மெஷின் சரியா ஓடல. வந்து பாருங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார். மடித்ததை இன்னொரு மடிப்பு மடித்தார். எழுந்து வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் கை சுருட்டி அவள் பார்த்ததில்லை.

தராசக்கா ஒரு பாட்டை ஓடவிட, மகள் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். ஒரு வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு 'இது தெளிவா, அது தெளிவா' என்று நாளெல்லாம் கேட்பதுதான் பிழைப்பு. பெட்டியின் முதுகில் இரண்டே நிலை உள்ள சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தது. அதைத் தட்டி, கை தூக்கி, விரலால் ஒன்று என்று காட்டினாள். மறுபடி தட்டி, இரண்டு. ஒவ்வொரு தடவையும் விரலைப் பார்த்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுச் செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்தார்.

"ரெண்டுல ஏதோ பாக்கியிருக்கு. ஒண்ணுதான் முழுசு."

"எப்படிப்பா சொல்றீங்க?" என்று மகள் அவர் முன்னால் வந்து கேட்டாள்.

"ரெண்டுல பெட்டி ஒரு பக்கம் இழுக்குது, ஸ்பீக்கர் ஒரு பக்கம் இழுக்குது. ஜோடி மாடு மாதிரி சேர்ந்து இழுக்க வேண்டாமா?"

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையேட்டில் ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டு விளக்கியிருந்ததும் இதைத்தான்.

பிறகு பேச்சைப் போட்டாள். ஒரு ஆள் பேசும் காட்சி, திரையை அணைத்துவிட்டு, குரல் மட்டும். அவர் நெற்றி சுருங்கியது. கையை நீட்டி மூலைப் பக்கம் காட்டினார்.

"இவன் பேசுறது அங்கிருந்தும் வருது. வாய் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கமா பேசுறான்."

தராசக்கா பெட்டியிடம் ஓடினாள். எந்தச் சத்தத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் பெட்டிக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் திருகு, டமாரத்தின் புண்ணியத்தில், உச்சியில் நின்றது. ஆண் குரலின் பாதி பெட்டிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. அதை எண்பது ஹெர்ட்ஸுக்கு இறக்கினாள். பேச்சு ஸ்பீக்கரை அடித்தட்டின் உள்ளிருந்து விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு சின்ன மரக்கட்டை கொடுத்து, அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தினாள். அதன் சத்தத்தை மட்டும் மூன்று புள்ளி ஏற்றினாள். பேஸ் பெட்டியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். அவர் ஒரு விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். மடக்கினால் நிறுத்து என்று அர்த்தம், பிரஸ் பழக்கம். முக்காலிலிருந்து பாதி. பாதியிலிருந்து கால். விரல் அசையவில்லை. காலுக்கும் கொஞ்சம் கீழே போனபோது விரல் மடங்கியது.

"இங்க நிறுத்து."

"இவ்வளவு கம்மியா? எனக்குப் பெட்டி ஓடுறதே தெரியலையே."

"அச்சு கோணலா உக்காந்தாதான் அடி தனியாக் கேக்கும். சரியா உக்காந்துட்டா கேக்காது. காலுக்குத் தெரிஞ்சாப் போதும். காதுக்குத் தெரியக் கூடாது" என்றார் அவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரே மூச்சில் அவர் இத்தனை வார்த்தை பேசியதில்லை. பேசிவிட்டு, சுருட்டிய கையோடு இன்னும் வேலை இருக்கிறதா என்கிற மாதிரி பார்த்தார்.

பட்டறையில் ஒரு தராசைச் சரி செய்து முடித்தால், இனி யாரும் தொடக் கூடாது என்பதற்கு அடையாளமாகத் திருகாணியின் மேல் சிவப்பு வார்னிஷ் ஒரு சொட்டு விடுவார்கள். தராசக்கா மகளின் நகப்பூச்சை எடுத்து வந்து, திருகின் மேலும் பெட்டியின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மனசு நிறைந்திருந்தது. நாளைக்குப் படம் போட்டால் என்ன ஆகுமோ என்கிற பயமும் அந்த நிறைவுக்குள்ளேயே ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது. சத்தத்தைச் சரி பார்த்தாகிவிட்டது. சிரிப்பை எதை வைத்துச் சரி பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டமாரம் வந்தான். இரண்டு வாரமாக முகத்தைக் காட்டாதவன், பையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். வழக்கமாகக் கையை வீசிக்கொண்டு வருகிறவன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்குத்தான் இந்தப் பழம் என்று அவளுக்குப் புரிந்தது. பெட்டி இடம் மாறியிருப்பதைப் பார்த்தான், ஸ்பீக்கருக்கு அடியில் மரக்கட்டையைப் பார்த்தான், படம் தொடங்கிக் கால் மணி நேரம் பொறுத்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"அண்ணி, பேஸே இல்லையே. பெட்டிக்குப் பட்டினி போட்டுட்டீங்களா?" என்று எழுந்து திருகிடம் குனிந்தான். சிவப்புக் கோட்டைப் பார்த்தான். "இது என்ன?"

"முத்திரை. தொட்டீங்க, கையை ஒடிப்பேன் தம்பி. பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தான். பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்த ஒருவன், அவர் வரும் சத்தம் கேட்டு அலமாரிக்குள் புகுந்துகொள்கிறான். அலமாரிக் கதவு மூடியிருக்கிறது. வீட்டுக்காரர் கதவைத் தட்டி ஏதோ கேட்கிறார், உள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது. ஆள் முகம் தெரியாது, வாய் அசைவதும் தெரியாது. இந்த இடம் வருகிறது என்று தராசக்காவுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளும் கையில் பாதி உரித்த ஆரஞ்சோடு நாற்காலியைத்தான் பார்த்தாள். என்ன நடக்கிறதென்று புரியாவிட்டாலும் டமாரமும் அண்ணனைப் பார்த்தான்.

அவர் சிரித்தார்.

கண் திரையில் இருந்தது. வயிறு குலுங்க, யாரையும் முந்திக்கொண்டு, தனியாகச் சிரித்தார். சிரித்த பிறகு பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பி முகங்களைப் பார்த்தார். ஒரு முகமும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் அவரையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. தப்பான இடத்தில் சிரித்துவிட்டோமோ என்கிற கலவரம் முகத்தில் வந்து நின்றது.

தராசக்கா நாற்காலிப் பக்கம் சாய்ந்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் வசனத்தைக் கோட்டை விட்டிருந்தாள். நிஜமாகவே கேட்கவில்லை.

"என்னங்க, என்ன சொன்னான்?" என்றாள்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். இந்தக் கேள்வி இந்த வீட்டில் யார் கேட்கிற கேள்வி என்று அவருக்குத் தெரியாதா? பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்து, கைகளை விரித்து, முழுசாக நடித்தே காட்டினார். "உள்ளே யாருன்னு இவர் கேக்குறார். உள்ள தொங்குற கோட்டுங்கன்னு சொல்றான் அவன். கோட்டு பேசுமாடான்னு கேக்குறார். புதுக் கோட்டுங்க, பேசக் கூடாதுன்னு இன்னும் யாரும் சொல்லிக் கொடுக்கலைங்கிறான்." சொல்லும்போதே அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரித்தாள். டமாரம், "அண்ணே, எனக்கும் விட்டுப்போச்சு, கடைசில என்ன சொன்னான்?" என்று கேட்டான், அவனுக்கு ஒரு தடவை, பொறுமையாக, சலிக்காமல் சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, ஒரு மூச்சு தாமதமாக, தராசக்கா சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

படம் ஓடியது. அலமாரி ஆள் தப்பித்து ஊருக்கு வெளியே ஓடி, ஒரு ரோட்டோரத்தில் மூச்சு வாங்க நின்றான். இசையும் நின்றுபோனது. டமாரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

"இரு. ஏதோ வருது."

யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வெறுங்கால் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. திரையில் ஆளில்லாத சாலை மட்டும் வளைந்து கிடந்தது. மூன்று பேரும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.